மூன்றாவது வெட்டுக்குப் பிறகு

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாயில் வராது. நானும் அவளும் ஒரே வீட்டில் கீரியும் பாம்புமாக இருப்பவர்கள். குளியலறைக்குள் யார் முதலில் போவது என்று காலையில் தொடங்கும் சண்டை, வாசல் கதவை யார் பூட்டுவது என்று ராத்திரி முடியும். ஆனாலும் அவளை ஒருவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவளைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வேலை, ஃப்ரிட்ஜ் செய்யும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை திட்டு வாங்குவதுதான் வேலை. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, கதவு ரப்பர் கிழிந்துவிட்டது, மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. செய்தவனும் தப்பித்துவிட்டான், விற்றவனும் தப்பித்துவிட்டான், மாட்டிக்கொண்டவள் என் அக்கா. எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் உயராது, நடுங்காது. அதனால் ஆபீசில் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். மேலே இருப்பவர்களுக்கு ஐஸ் வைக்க மட்டும் தெரியாத ஐஸ்பெட்டி.

அந்த ஆபீசில் ஒரு விதி உண்டு. பேசுகிறவன் கெட்ட வார்த்தையில் இறங்கினாலும் உடனே போனை வைக்கக் கூடாது. மரியாதையாகப் பேசுங்கள் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றுக்கும் அடங்காவிட்டால், "இத்துடன் இந்த அழைப்பைத் துண்டிக்கிறேன், நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அந்த வாக்கியத்தைக்கூட அவர்களே எழுதிக் கொடுத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அக்கா அதைத் தூக்கத்தில் உளறி நான் கேட்டிருக்கிறேன்.

இந்த விதிப்படிதான் அவள் ஒரு ஷோரூம்காரனின் போனை வைத்தாள். விஷயம் வெறும் கதவு ரப்பர். அவன் வாங்கி விற்ற ஒரு ஃப்ரிட்ஜில் ரப்பர் சரியாக ஒட்டவில்லையாம். அதற்காக ஒரு பெண்ணின் பிறப்பு வரைக்கும் போனான். அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கை கழுவ வேண்டியிருக்கும். அக்கா மூன்று முறை சொன்னாள், வாக்கியத்தைச் சொன்னாள், வைத்தாள். மேனேஜர் பதிவைக் கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டாராம்.

"ரெக்கார்டிங்ல உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஆனா அவர் நம்ம சரக்க ஏகப்பட்டது விக்கிறவரு. திங்கக்கிழமை அவர் கடைக்கே போய் ஒரு சாரி சொல்லிடுங்க, நானும் கூட வரேன். இல்லன்னா மேல இருக்கறவங்க உங்கள வேலைல வச்சிக்க மாட்டாங்க."

அக்கா சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லாமல் என்ன செய்வாள்? வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது. நான் டெலிவரி வேன் ஓட்டுகிறேன், இப்போதைக்கு. இப்போதைக்கு என்பதற்குக் காரணம் என் கை. எவனாவது ஒரு வார்த்தை கூடப் பேசினால் அது முந்திக்கொள்ளும். ஒரு குடோன் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தேன். ஒரு முதலாளியின் மூஞ்சியில் வண்டிச் சாவியை எறிந்தேன். நான் வேலையை விடுவதும் தேடுவதுமாக இருந்த காலமெல்லாம் வீடு நின்றது அவளால். இதை நான் அவளிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

எங்கள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கால் வீங்கிப்போய் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்தபடி உலகத்துக்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது இது:

"ஒரு சாரி சொன்னா வாய் என்ன தேஞ்சா போயிடும்? சில்லறை இல்லன்னு சொன்னதுக்கு நான் வாங்காத பேச்சா?"

அக்கா பதில் பேசவில்லை. அவள் அப்படித்தான். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்த அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை. கன்னத்தில் இருந்த விரல் தடத்தை நாங்கள் பார்த்தோம். அதற்கு முன்னால் எத்தனை தடவை என்று அவளும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் துணிச்சல் இல்லை. வந்தவள் பையை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய், சிங்க்கில் பாத்திரத்தைக் குவித்து வைத்திருப்பதற்காக என்னைத் திட்டினாள். அதோடு சரி.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். நானும் அவளும் அடித்துக்கொள்ளாமல் சேர்ந்து செய்யும் ஒரே காரியம் அதுதான். படமே இல்லாத விளையாட்டு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும். வடக்கு என்று தட்டினால் வடக்கே போவோம்; அங்கே என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று சில வரிகள் வரும். எடு, திற, அடி, ஓடு, எல்லாமே தட்டச்சுதான். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே அலைந்துகொண்டிருப்பார்கள். இந்தக் காலத்தில் இதை எவன் விளையாடுவான் என்று கேட்காதவர்கள் இல்லை. அக்கா விளையாடுவதற்குக் காரணம், அதில் சத்தம் கிடையாது. நாளெல்லாம் காதுக்குள் கத்தல் வாங்குகிறவளுக்கு, திட்டாக இருந்தாலும் எழுத்தில் வந்தால் பரவாயில்லையாம்.

உள்ளே நான் ஒரு போர்வீரன், பெயர் இடி. அவள் வைத்தியச்சி. பெயரும் அதுவேதான், வேறு பெயர் வைக்க அலுப்புப்பட்டாள். அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவாள், யாரையும் அடிக்க மாட்டாள். கட்டுப் போடக் கொஞ்சம் தாமதமானால் அங்கேயும் அவளுக்குத்தான் பேச்சு. அதிகம் பேசுகிறவன் எங்கள் குழுத் தலைவன். இரும்புத்தலை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பெயர் பொருத்தமா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் விளையாட்டில் புதிதாக ஒரு நாடு திறந்தார்கள். ஆர்தர் ராஜா கதையை வைத்து யாரோ ஒரு புண்ணியவான் கட்டியது. கட்டியவனுக்கு உடம்பெல்லாம் விஷம் என்பது நுழைந்தவுடனே தெரிந்தது. வாசலிலேயே கல்லில் செருகிய வாள். இழு என்று தட்டினால், "நீயுமா?" என்று கேட்டது கல். மறுபடியும் இழுத்தால் முதுகு பிடித்துக்கொண்டது. அக்கா நீவிவிட்டே பாதித் தைலத்தைத் தீர்த்தாள். ஒவ்வொரு பாலத்திலும் ஒரு கவசக்காரன் வழியை மறித்து வம்புக்கு இழுத்தான். ஏரியிலிருந்து ஒரு கை வாளை நீட்டியது. ஆசையாக வாங்கப் போன எங்கள் ஆளை அப்படியே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. தோட்டத்தில் ராணியை இரண்டாம் தடவை ஏறிட்டுப் பார்த்தவனைக் காவலர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இவ்வளவையும் தாண்டினால் கோட்டை. உள்ளே ஒரு பெரிய வட்ட மேசை, சுற்றிலும் நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆள். ஒன்றே ஒன்று காலி. அதில் உட்கார ஒரு பச்சை இடுப்புக் கச்சை வேண்டும். இரும்புத்தலைக்கு அந்த நாற்காலி மேல் ஒரே கண்.

கச்சையை வைத்திருந்தவன் ஒரு பச்சை வீரன். தாடி, குதிரை, கோடாலி எல்லாம் பச்சை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, "தைரியம் உள்ளவர் என் தலையை ஒரே ஒரு வெட்டு வெட்டலாம். அந்த ஒரு வெட்டை என் கோவிலில் வைத்துத் திருப்பித் தருவேன். பிழைத்தால் கச்சை உங்களுக்கு" என்றான். சும்மா கிடைக்கிற தலையை நான் விடுவேனா? சனிக்கிழமை சாயங்காலம் வெட்டினேன். அவன் தலையைப் பொறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கக்கத்தில் இருந்த தலை, "கோவிலுக்கு வா" என்றது. போனேன். மண்டியிடச் சொன்னான். மண்டியிட்டேன். கோடாலியை ஓங்கினான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. என்னைப்போல அடிதடி ஆட்கள் எல்லோரும் ஒரு வசதியை எப்போதும் போட்டே வைத்திருப்போம். எவன் கை ஓங்கினாலும், நாம் எதையும் தட்டாமலே நம் ஆள் திருப்பி அடித்துவிடுவான். அதை அணைக்க மறந்துவிட்டேன். ஒரு நாளும் அணைத்துப் பழக்கமில்லாதவனுக்கு ஞாபகம் எங்கிருந்து வரும்? அவன் ஓங்கினான், என் ஆள் குத்தினான், "வாக்குத் தவறியவனே" என்று ஒரு வரி வந்தது, நான் செத்துக் கிடந்தேன்.

செத்தால் வேறொரு இடத்தில் வெறும் உடம்போடு மறுபடி பிறக்கலாம். ஆனால் கவசம், கத்தி, மோதிரம் என்று வருடக்கணக்கில் சேர்த்ததெல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். மறுநாள் சாயங்காலத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் பிணத்தோடு மண்ணாகிவிடும். பந்தயத்தில் தோற்ற ஆள் அந்தக் கோவிலுக்குள் மறுபடி நுழைய முடியாது. இரும்புத்தலையும் எனக்கு முன்பே தோற்றவன்தான். ஆனாலும் அவனிடம் ஒரு யோசனை இருந்தது.

"நான் அசையவே இல்ல. மூணு தடவ ஓங்கினான், மூணுக்கும் குனிஞ்சே இருந்தேன். மூணாவதுல ரத்தம் வந்துச்சு, நாலாவதுல தலை போச்சு. வைத்தியச்சி போகட்டும். குனிஞ்சபடியே தன் கழுத்துக்குத் தானே கட்டுப் போட்டுக்கிட்டே இருக்கட்டும். கச்சைய வாங்கி என்கிட்ட குடுக்கட்டும்."

சரி என்று எழுதினாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்னறையில் நான் என் பழைய கம்ப்யூட்டரில், அவள் மடியில் லேப்டாப். முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தோம். அப்பா கட்டிலில் இருந்தபடி டிவிச் செய்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டு. நாளைக்கு அந்த ஆளுக்கும் சரி, இன்னிக்கி இந்த ஆளுக்கும் சரி. உனக்கு ரோஷமே கிடையாதா?" என்றேன் நான்.

"உன் சாமான் வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்ப வாய மூடிட்டு உட்காரு."

அவளிடம் இருந்த ஆயுதம் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்றுதான். அதைப் பார்த்த பச்சை வீரன் தன் கோடாலியையே அவளுக்குக் கடன் கொடுத்தான். வெட்டினாள். தலை உருண்டது, கோவிலுக்கு வா என்றது. அவளும் போனாள். நான் என் திரையை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

கோவில் பனிக்கு நடுவில் இருந்தது. ஓரமாக என் பிணம் கிடப்பதாக ஒரு வரி. மண்டியிடு என்றான், மண்டியிட்டாள். கோடாலியை ஓங்கினான், கழுத்துக்கு மேலே நிறுத்திவிட்டு, "பயந்துவிட்டாயா?" என்று இளித்தான். அக்கா எதையும் தட்டவில்லை. விரல்கள் மடியில் இருந்தன. இரண்டாவது தடவை ஓங்கினான், அதையும் நிறுத்தினான். அவள் உடம்பைப் பற்றி, சாதிக்க வக்கில்லாததைப் பற்றி ஏதேதோ சொன்னான். எழுதி வைத்தவன் கையை ஒடிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. மூன்றாவது தடவை கோடாலி இறங்கியது. "கழுத்தில் ஒரு கீறல். பனியில் ரத்தம் சொட்டுகிறது. அவன் மறுபடியும் கோடாலியைத் தூக்குகிறான்."

வெளியிலிருந்து இரும்புத்தலை எழுதினான்: "குனிஞ்சே இரு! கட்டுப் போடு! கட்டுப் போடுடீ!"

"அக்கா, அசையாத" என்று நானும் கத்தினேன்.

அவள் எழு என்று தட்டினாள். எழுந்து நின்றதும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு வாக்கியம் அடித்தாள். அது விரலுக்குத் தானாக வந்திருக்க வேண்டும். "இத்துடன் இந்த அழைப்பைத் துண்டிக்கிறேன், நன்றி."

பச்சை வீரன் கோடாலியைக் கீழே ஊன்றினான். "நான் கேட்டது ஒரு வெட்டு. அது முடிந்தது. அதற்கு மேலும் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் கிடக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுக் கச்சையை அவிழ்த்துக் கொடுத்தான்.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எப்படித் தெரியும் உனக்கு? எங்கயும் எழுதலயே."

"எழுதணுமா? ஒரு வெட்டுன்னான். ரத்தம் பாத்துட்டான். அதுக்கு மேல தூக்கினா அது அவன் கொழுப்பு. மூணுக்கு மேல எவனுக்கும் கிடையாது."

என் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கச்சை எங்கே என்று இரும்புத்தலை கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றாள். அவன் ஊருக்கே கேட்கிற பொது வழியில் அவளைத் திட்ட ஆரம்பித்தான். இவளும் அவன் எழுத்தே தன் திரையில் வராதபடி அவனை முடக்கிவிட்டு, கோட்டைக்குப் போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு லேப்டாப்பை மூடினாள். மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய உடுப்புக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள். போகத்தான் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை அவளை என் வேனில் கூட்டிப்போனேன். கையை வெளியே எடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஷோரூமுக்குள் வர விட்டாள். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வாசல் பக்கம் நின்றேன். கண்ணாடிக் கதவு, பளபளவென்று தரை, வரிசையாக நிற்க வைத்த ஃப்ரிட்ஜுகள். ஷோரூம்காரன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேனேஜருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அக்காவுக்குப் போடவில்லை.

"நீதானா அது?"

"போனை வச்சதுக்கு மன்னிச்சிடுங்க சார்" என்றாள் அக்கா.

"ஏசி சத்தத்துல கேக்கல. கிட்ட வந்து சொல்லு."

கிட்டப் போய்ச் சொன்னாள்.

"டேய், எல்லாரும் இங்க வாங்கடா. ம், இப்ப சொல்லு."

வேலை செய்கிறவர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் முன்னாலும் சொன்னாள். அதில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அக்காவின் கழுத்து சிவந்துபோயிருந்தது. மேனேஜர், முடிந்தது என்கிற மாதிரி எழுந்தார்.

ஷோரூம்காரன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "இன்னொரு தடவ. அன்னிக்கி நான் உன்ன என்ன சொன்னேனோ, அத உன் வாயாலயே சொல்லி, அது நான்தான்னு சொல்லு. எல்லாருக்கும் அனுப்பணும்."

மேனேஜர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். என் கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்துவிட்டது.

"டேய், கைய உள்ள வை" என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பிறகு கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையைக் கழற்றினாள். பக்கத்திலிருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டை வைக்கிற தட்டில் அட்டையை வைத்து, கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் விளிம்பை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். "இத்துடன் இந்த அழைப்பைத் துண்டிக்கிறேன், நன்றி."

வேனில் ஏறியதும் அவளுக்குச் சீட் பெல்ட் மாட்ட வரவில்லை, நான்தான் மாட்டிவிட்டேன். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாயைத் திறந்தால் நானும் அழுதுவிடுவேன் என்று பேசாமல் வண்டியை எடுத்தேன். பாதி வழியில் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"பயமா இருக்குடா. எனக்கு வேற வேலை கிடைக்கிற வரைக்கும் உன் சம்பளம்தான். இனிமே உன் முறை. உன் முதலாளி என்ன சொன்னாலும் மூணு வரைக்கும் பொறுத்துக்கணும்."

"நாலாவது?"

"நாலாவது வந்தா சாவிய மேசைல வச்சிட்டு வா. எறியாத."

வீட்டில் அப்பா கேட்டார். "சொல்லிட்டியா?"

"மூணு தடவ சொன்னேன்ப்பா."

"பின்ன ஏன் இந்நேரத்துக்கே வந்து நிக்கிற?"

"நாலாவதா கேட்டான்."

அப்பா டிவியை அணைத்தார். அவர் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் வீங்கின காலைத் தடவிக்கொண்டிருந்தார். நல்லதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"வாடகைக்கு?"

அக்கா என்னைக் கை காட்டினாள். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அது ஒன்றும் நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் காலையில் வேனை எடுக்கப் போனேன். முதலாளி பின்கதவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஷோரூம் வாசலில் அவசரமாகத் திருப்பினபோது தூணில் உரசியிருந்தது.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு, எருமை? உன்னையெல்லாம் வேலைக்கு வச்சேன் பாரு."

உள்ளங்கையில் சாவி இருந்தது. கை தானாக இறுகியது. அவர் மூஞ்சி எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

ஒன்று, என்று எண்ணினேன்.